குற்றம் செய்யும் விளையாட்டில் நம் பிள்ளைகள் எதை ரசிக்கிறார்கள்?



மக்தப் மதரஸாவுக்குப் பிள்ளைகளை அழைத்து வரும் பெற்றோர் நம்மிடம் கேட்கும் கேள்விகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை மாறுகின்றன. முன்பு தொலைக்காட்சியைப் பற்றிக் கேட்டார்கள். பிறகு பப்ஜி, ஃப்ரீ ஃபயர் வந்தன. இப்போது ஜிடிஏ. "ஹஜ்ரத், போனில் ஒருவனுடைய காரைப் பிடுங்கிக்கொண்டு, நாலு பேரை இடித்துத் தள்ளிவிட்டு, விழுந்து விழுந்து சிரிக்கிறான். இது கூடுமா, கூடாதா?" என்று பாலக்கோட்டிலிருந்து வந்த ஒரு தாய் அண்மையில் கேட்டார்.

ஃபத்வா வழங்கும் தகுதி பெற்ற உலமாக்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்களுடைய இடத்தில் நாம் அமர விரும்பவில்லை. ஆனால் அந்தத் தாயின் கேள்விக்குள் மற்றொரு கேள்வி இருந்தது. பிள்ளை ஏன் சிரிக்கிறான்? இதற்கு விடை தெரியாமல் கொடுக்கப்படும் எந்தத் தீர்ப்பும் பிள்ளையின் காதில் விழுமே தவிர நெஞ்சில் இறங்காது. விளையாட்டை ஒரு நிமிடமும் பார்த்திராதவர்கள் மிம்பரில் ஏறி அதை ஷைத்தானின் வலை என்று சாடும்போது, பின்வரிசையில் அமர்ந்திருக்கும் இளைஞர்கள் ஒருவரையொருவர் பார்த்துப் புன்னகைப்பதை நாம் கண்டிருக்கிறோம். அந்தப் புன்னகையில் பயான் தோற்றுவிடுகிறது.

விளையாட்டை அறியாதவர்களுக்குச் சில செய்திகள். கிராண்ட் தெஃப்ட் ஆட்டோ என்னும் இத்தொடரின் முதல் பாகம் 1997-இல் வெளிவந்தது. அதை உருவாக்கியது ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் இயங்கிய டிஎம்ஏ டிசைன் என்ற நிறுவனம். 2002-இல் வைஸ் சிட்டி, 2004-இல் சான் ஆண்ட்ரியாஸ், 2013-இல் ஐந்தாம் பாகம் என்று தொடர் வளர்ந்தது. ஐந்தாம் பாகம் மட்டுமே 20 கோடிக்கும் மேற்பட்ட பிரதிகள் விற்றிருக்கிறது. ஆறாம் பாகம் 2026 நவம்பர் 19 அன்று வெளியாகும் என்று நிறுவனம் அறிவித்திருப்பதால் பிள்ளைகளிடையே மீண்டும் இதே பேச்சு. விலை உயர்ந்த கருவிகள் நம் வீடுகளில் இல்லை என்று எவரும் ஆறுதல் அடைய வேண்டாம். சான் ஆண்ட்ரியாஸ் 2013 டிசம்பரிலேயே கைப்பேசிக்கு வந்துவிட்டது. அதுவும் ஓடாத மலிவான போன்களில் இந்தியன் பைக்ஸ் டிரைவிங் 3டி என்னும் நம் நாட்டு விளையாட்டு ஓடுகிறது. திரைக்குள் இருக்கும் போனில் எண்களை அழுத்தினால் விரும்பிய மோட்டார் சைக்கிள் எதிரே வந்து நிற்கும்.

இன்று முப்பதுகளில் இருக்கும் தந்தையர் பலர் இதே வைஸ் சிட்டியைப் பிரவுசிங் சென்டர்களில் மணிக்கணக்குக் காசு கொடுத்து ஆடியவர்கள். சீட் கோடுகளைப் பள்ளி நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வைத்திருந்தவர்கள். 'பான்சர்' என்று தட்டினால் பீரங்கி வண்டி வரும். 'லீவ் மீ அலோன்' என்று தட்டினால் காவலர்கள் துரத்துவதை நிறுத்திவிடுவார்கள். அந்த எழுத்துகளை இன்றும் மறக்காத தந்தை, மகனின் கையிலிருந்து போனைப் பிடுங்கும்போது மகனுக்கு அவரிடம் கேட்க நிறையவே இருக்கும். மரியாதைக்காகக் கேட்பதில்லை.

சரி, எதை ரசிக்கிறார்கள்? வகுப்பு முடிந்தபின் பெரிய மாணவர்கள் சிலரை அமர்த்தி, கண்டிக்க மாட்டோம் என்று வாக்களித்துக் கேட்டோம். முதலில் வந்த பதில் அடிதடியைப் பற்றியதாக இருக்கவில்லை. "எங்கே வேண்டுமானாலும் போகலாம் ஹஜ்ரத்" என்றான் ஒருவன். பாலக்கோட்டிலிருந்து தருமபுரிக்குத் தனியாகப் பேருந்தில் செல்லவே வீட்டில் அனுமதி கிடைக்காத சிறுவன் அவன். பள்ளி, டியூஷன், மக்தப், வீடு என்ற நான்கு சுவர்களுக்குள் அவனுடைய நாள் முடிகிறது. சான் ஆண்ட்ரியாஸில் அவனுக்கு மூன்று நகரங்கள், ஒரு பாலைவனம், காடு, மலை, கடல் எல்லாம் திறந்து கிடக்கின்றன. கதை தொடங்கும்போது அவனுக்குக் கிடைக்கும் முதல் வாகனம் ஒரு சாதாரண சைக்கிள். கதைப் பகுதியைத் தொடாமலேயே அந்தச் சைக்கிளில் சுற்றுவதாகவும், மலை உச்சிக்கு ஏறி வெயில் சாய்வதைப் பார்ப்பதாகவும் மற்றொரு மாணவன் சொன்னான். குற்ற விளையாட்டு என்று நாம் பெயர் சூட்டிய ஒன்றில் ஒரு பிள்ளை மாலை வெயிலைப் பார்த்துக்கொண்டிருக்கிறான் என்பது நம்மைச் சற்று நேரம் பேசவிடவில்லை. தருமபுரி மாவட்டத்தில் மலைக்கும் ஆற்றுக்கும் குறைவா? அழைத்துச் செல்ல ஆள் இல்லை.

அடுத்தது துரத்தல். இத்தொடர் பிறந்த கதையே இதற்குச் சான்று. முதலில் அது வேறொரு பெயரில், சாதாரணமான வாகனத் துரத்தல் விளையாட்டாகவே திட்டமிடப்பட்டிருந்தது. சோதித்தவர்களுக்கு அது சலிப்பூட்டியது. ஒரு கட்டத்தில் நிரலில் நேர்ந்த பிழையினால் காவல் வண்டிகள் வெறிபிடித்தவை போல ஆட்டக்காரரின் வண்டியை வந்து வந்து இடித்தன. சோதித்தவர்கள் அதைத்தான் ரசித்தார்கள், பிழையே விளையாட்டாயிற்று. நம் தெருக்களில் மஃரிபுக்கு முன் பிள்ளைகள் ஆடும் திருடன்–போலீஸ் ஆட்டத்தை எண்ணிப் பாருங்கள். போலீஸாக இருக்க எவனும் முந்துவதில்லை. திருட்டில் ஆசை வந்துவிட்டது என்று அதற்குப் பொருளில்லை. ஓடுபவனுக்குத்தான் நெஞ்சு படபடக்கும், அந்தப் படபடப்பே ஆட்டம்.

மூன்றாவது சிரிப்பு. இங்கேதான் நாம் சற்று நின்று பேச வேண்டும்.

இவ்விளையாட்டின் நகைச்சுவை இரண்டு அடுக்குகளாக இருக்கிறது. மேலடுக்கு எவருக்கும் விளங்கும். வண்டி தலைகீழாகக் கவிழும். நாயகன் அளவுக்கு மீறித் தின்றால் தொந்தி வைத்துவிடும். சீட் கோடு போட்டால் கார்கள் பறக்கும். பறக்கும் காரைக் கண்டு பிள்ளை சிரிப்பதில் நமக்கு வருத்தமில்லை. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களின் விளையாட்டுப் பொம்மைகளுக்கு நடுவே இறக்கை வைத்த குதிரை ஒன்று இருந்ததை நபி (ஸல்) அவர்கள் கண்டு, குதிரைக்கு இறக்கையா என்று வினவியதும், சுலைமான் (அலை) அவர்களின் குதிரைகளுக்கு இறக்கை இருந்ததாகத் தாங்கள் கேள்விப்பட்டதில்லையா என்று அன்னையார் மறுமொழி தந்ததும், நபியவர்கள் கடைவாய்ப் பற்கள் தெரியச் சிரித்ததும் அபூதாவூதில் பதிவாகியிருக்கிறது. கற்பனைக்கும் சிரிப்புக்கும் நம் மார்க்கம் கதவடைக்கவில்லை.

கீழடுக்கில் இருப்பது அங்கதம். விளையாட்டின் கார் வானொலிகளில் ஒலிக்கும் போலி விளம்பரங்கள், வீண் அரட்டை நிகழ்ச்சிகள், கடைகளின் பெயர்கள் அனைத்தும் அமெரிக்க வாழ்க்கையின் பேராசையையும் துப்பாக்கி மோகத்தையும் எள்ளி நகையாடுகின்றன. வைஸ் சிட்டியில் ஐஸ்கிரீம் வண்டி ஒன்று வரும். அது விற்பது ஐஸ்கிரீம் அன்று, போதைப்பொருள். இனிப்பான பாட்டோடு தெருவுக்குள் நுழையும் எதையும் நம்பாதே என்று அந்நாட்டின் வணிகத்தைக் கேலி செய்யும் காட்சி அது. உலகத்தின் விமர்சகர்கள் இத்தொடரைப் பாராட்டுவதற்கு இந்த அங்கதமும் ஒரு காரணம்.

ஆனால் இந்த அடுக்கு நம் பிள்ளைகளை வந்தடைவதே இல்லை. அமெரிக்க ஆங்கிலத்தில் விரைந்து பேசப்படும் வானொலிக் கேலி பென்னாகரத்துச் சிறுவனுக்கு எப்படி விளங்கும்? அவனுக்கு எஞ்சுவது மோதலும் ஓலமும் மட்டுமே. அங்கதம் இருந்த வெற்றிடத்தில் யூடியூபில் தமிழ் பேசி விளையாடிக் காட்டுபவரின் குரல் வந்து அமர்ந்துகொள்கிறது. சிலர் நயமாகவும் கண்ணியமாகவும் சிரிக்க வைக்கிறார்கள். அதை மறுப்பது நீதியன்று. வேறு சிலருடைய மூலதனம் கெட்ட வார்த்தை. 2021 ஜூன் மாதம், பப்ஜி விளையாட்டை நேரலையாகக் காட்டியபடி பெண்களை ஆபாசமாகப் பேசினார் என்ற புகாரில் தேடப்பட்டு வந்த யூடியூபர் ஒருவரைச் சென்னைக் காவல்துறையினர் கைது செய்தது வேறெங்குமன்று, நம் தருமபுரியில்தான். அவரைப் பின்தொடர்ந்த இலட்சக்கணக்கானோரில் சிறுவர்கள் எத்தனை பேர் என்று அன்று பெற்றோர் திடுக்கிட்டார்கள். பிறகு மறந்துவிட்டார்கள். பிள்ளையின் திரையில் என்ன ஓடுகிறது என்று எட்டிப் பார்க்கும் பெற்றோர், அதில் பேசுபவர் யார் என்று காது கொடுப்பதில்லை. இயர்போன் அணிந்திருப்பவன் கேட்பது நமக்குக் கேட்பதும் இல்லை.

அயோக்கியனைக் கண்டு சிரிப்பது முஸ்லிம் பண்பாட்டுக்குப் புதிது என்று நினைப்பவர்கள் அரபு இலக்கியத்தை ஓதாதவர்கள். பல அரபுக் கல்லூரிகளில் பாடமாக வைக்கப்படும் மகாமாத்துல் ஹரீரியை எடுத்துக்கொள்ளுங்கள். பஸராவைச் சேர்ந்த இமாம் ஹரீரி (1054–1122) இயற்றிய அந்நூலின் ஐம்பது கதைகளிலும் அபூஸைத் அஸ்ஸரூஜி என்னும் எத்தன் ஊர் ஊராகத் திரிகிறான். ஒவ்வோர் ஊரிலும் ஒரு வேடம், ஒரு பொய், ஒரு பண மூட்டை. ஸன்ஆ நகரில் நிகழும் முதல் கதையில் அவன் மறுமையை நினைவூட்டிப் பயான் செய்து மக்களை அழவைத்துக் காசு திரட்டுகிறான். கதை சொல்லியான ஹாரிஸ் இப்னு ஹம்மாம் பின்தொடர்ந்து சென்று பார்த்தால், குகைக்குள் வெள்ளை ரொட்டி, பொரித்த ஆட்டுக்குட்டி, பக்கத்தில் மதுச்சாடி! பயான் செய்து பிழைக்கும் நம் போன்றோர் முதலில் சிரிக்க வேண்டிய கதை அது. 1237-இல் யஹ்யா அல்வாஸித்தி என்னும் ஓவியர் இந்நூலுக்கு வண்ணச் சித்திரங்களும் தீட்டினார். ஊர் ஊராகத் திரியும் ஓர் எத்தன், அவன் செய்யும் குற்றங்கள், நடுநடுவே சிரிப்பு, பார்க்கப் படங்கள். மாணவர்களிடம் இதைச் சொன்னபோது, "அப்படியென்றால் அதுவும் ஜிடிஏதானே ஹஜ்ரத்?" என்றான் ஒருவன். வகுப்பே சிரித்தது, நாமும் சிரித்தோம்.

வேறுபாடு இருக்கிறது. அபூஸைதின் ஆயுதம் நாக்கு. அவனிடம் ஏமாந்தவர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள். ஹாரிஸ் அவனை ஒவ்வொரு முறையும் இனங்கண்டு கடிந்துகொள்கிறார், அதாவது கதைக்குள்ளேயே ஒரு சாட்சி கூடவே வருகிறது. கடைசிக் கதையில் பஸராவின் பள்ளிவாசலில் அபூஸைத் எழுந்து தன் பாவங்களை ஒப்புக்கொண்டு மக்களிடம் துஆ கேட்கிறான். அதுவும் வழக்கமான வேடம் என்று நாம் எண்ணும்போது, அவன் உள்ளம் மெய்யாகவே திரும்பிவிடுகிறது. ஐம்பது கதைகளுக்கும் ஒரு கணக்கு முடிக்கப்படுகிறது.

ஜிடிஏவில் கணக்கை முடிக்க ஒரு பெயின்ட் கடை இருக்கிறது. குற்றம் செய்யச் செய்யத் திரையின் மூலையில் நட்சத்திரங்கள் ஏறும். வைஸ் சிட்டியிலும் சான் ஆண்ட்ரியாஸிலும் ஆறு நட்சத்திரம் வந்துவிட்டால் இராணுவமே புறப்பட்டு வரும். அப்போது வண்டியை அந்தக் கடைக்குள் ஓட்டிச் சென்றால் போதும். சிறு கட்டணத்தில் வண்டிக்கு வேறு நிறம். காவலர்கள் சற்று நேரத்தில் மறந்துவிடுவார்கள். பிடிபட்டாலும் காவல் நிலைய வாசலில் விடுதலை. இறந்தாலும் மருத்துவமனை வாசலில் மறுபிறப்பு. இது விளையாட்டின் ஆகப் பெரிய நகைச்சுவை. துரத்தலின் படபடப்பு ஏற ஏற, ஒரு நொடியில் எல்லாம் ஒன்றுமில்லாமல் போகும் அந்த இறக்கம் எவரையும் சிரிக்க வைக்கும். இன்பத்தின் வேர் குற்றத்தில் இருப்பதாக நமக்குத் தோன்றவில்லை. கணக்கே இல்லாத ஓர் உலகத்தில் உலவுவதில் இருக்கிறது. தேர்வு மதிப்பெண், வருகைப் பதிவு, ஓதல் பாடம் என்று நாளெல்லாம் கணக்குக் கொடுத்துக்கொண்டிருக்கும் பிள்ளைக்கு அது எத்தகைய விடுமுறை என்பதைப் பெற்றோர் உணர வேண்டும்.

அந்த விடுமுறை எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்பதையும் பிள்ளை உணர வேண்டும். இத்தொடரின் நகர வீதிகளில் முதியவர்கள் நடக்கிறார்கள், பெண்கள் நடக்கிறார்கள், போலீஸ் நடக்கிறார்கள். குழந்தை ஒன்றுகூட இல்லை. நாம் இதைச் சொன்னபோது, பல மாதங்கள் ஆடிய மாணவர்களே அப்போதுதான் கவனித்தார்கள். குழந்தை ஒன்று அந்தத் தெருவில் நடந்தால் சிரிப்பு அங்கேயே நின்றுவிடும். அடுத்து, காரைப் பறிகொடுத்தவர் வீட்டுக்கு எப்படிப் போவார் என்று கேட்டோம். "அவருக்கு வீடே இல்லை ஹஜ்ரத். நாம் தெரு திரும்பினால் அவர் மறைந்துவிடுவார்" என்று ஒரு மாணவன் விளக்கினான். மெய்தான், கண்ணுக்கு அப்பால் போகிறவர்களை விளையாட்டு அழித்துவிடுகிறது. ஆனால் சான் ஆண்ட்ரியாஸின் கதையே, சுட்டுக் கொல்லப்பட்ட தாயின் மையத்துக்காக ஊர் திரும்பும் மகனிலிருந்துதான் தொடங்குகிறது. நாயகனின் தாய்க்கு அழ ஒரு மகன் இருக்கிறான். அந்த மகன் இடித்துத் தள்ளும் எவருக்கும் எவருமில்லை. இந்த முரணை வைத்து ஒரு மணி நேரம் பேசினோம். அன்றைய பாடத்தில் பிள்ளைகள் காட்டிய ஊக்கத்தை நாம் வேறு எந்தப் பாடத்திலும் கண்டதில்லை.

நம் மாவட்டத்தில் தொப்பூர் கணவாய் இருக்கிறது. சேலம்–பெங்களூரு நெடுஞ்சாலையின் அந்த இறக்கத்தில் பிரேக் பிடிக்காத லாரி முன்னால் செல்லும் வண்டிகளை நசுக்கிய செய்தியை நாம் எத்தனை முறை படித்திருக்கிறோம். திரையில் லாரி ஒன்று பத்து வண்டிகளை இடித்தால் அது வேடிக்கை. கணவாயில் இடித்தால் தருமபுரி அரசு மருத்துவமனை வாசலில் குடும்பங்கள் நிற்கும். இரண்டையும் குழப்பிக்கொள்ளும் அளவுக்கு நம் பிள்ளைகள் அறிவற்றவர்கள் அல்லர். விளையாட்டை ஆடியவன் லாரியைத் திருடப் போவான் என்ற அச்சத்தை நாம் பகிரவில்லை. நமது கவலை அதைவிடச் சிறியது, ஆனால் அன்றாடமானது. பிறர் அஞ்சுவதைக் கண்டு சிரிக்கும் பழக்கம் திரையை விட்டு இறங்கித் தெருவுக்கு வருகிறது. முதியவர் பக்கத்தில் பைக்கை உரசி ஓட்டுவதும், 'பிராங்க்' என்ற பெயரில் வழிப்போக்கரைத் திடுக்கிட வைத்துப் படம் பிடிப்பதும் இதே சிரிப்பின் பிள்ளைகள். பயணத்தில் உறங்கிக்கொண்டிருந்த தோழர் ஒருவரின் கயிற்றை மற்றொருவர் வேடிக்கையாக எடுக்கப்போய், அவர் பதறி எழுந்தபோது, ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகுமானதன்று என்று நபி (ஸல்) அவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் வருகிறது. அது திருட்டுமன்று, அடிதடியுமன்று, வெறும் வேடிக்கை. நபியவர்களும் வேடிக்கை பேசியவர்கள்தாம். ஏறிச் செல்ல ஒட்டகம் கேட்டவருக்கு ஒட்டகத்தின் குட்டியைத் தருவதாகச் சொல்லி, எல்லா ஒட்டகமும் ஓர் ஒட்டகத்தின் குட்டிதானே என்று விளங்கவைத்தவர்கள். கேட்டவரும் சேர்ந்து சிரிக்கக்கூடிய வேடிக்கை அது.

திவாலானவர் யார் என்று நபி (ஸல்) அவர்கள் தோழர்களிடம் வினவிய ஹதீஸை ஸஹீஹ் முஸ்லிமிலிருந்து ஆண்டுதோறும் நாம் பாடம் நடத்துகிறோம். தொழுகையோடும் நோன்போடும் ஸகாத்தோடும் மறுமைக்கு வருபவர், ஒருவரை ஏசி, ஒருவரை அடித்து, ஒருவர் பொருளைத் தின்றிருந்ததால், நன்மைகளையெல்லாம் அவர்களுக்குக் கொடுத்து முடித்து, அவர்களின் பாவங்களையும் சுமக்க நேரும் என்ற கருத்து அதில் வருகிறது. ஹக்குல் இபாத், அதாவது அடியார்களின் உரிமை, வெறும் இஸ்திக்ஃபாரினால் தீராது. உரியவரிடம் போய்த் தீர்க்க வேண்டும் என்பதை விளக்க இதுவரை நாம் கடன் வாங்கியவர், வாய்க்கால் வரப்பு என்று உதாரணம் காட்டி வந்தோம். இவ்வாண்டு பெயின்ட் கடையைக் காட்டினோம். ஒரு முறை சொன்னவுடன் எல்லோருக்கும் விளங்கிற்று.

பெற்றோர் அறிய வேண்டிய ஒன்று மீதமிருக்கிறது. இவ்விளையாட்டுகளைச் சிறுவருக்கென்று எவரும் செய்யவில்லை. அமெரிக்காவின் தர நிர்ணய வாரியம் இவற்றுக்கு 17 வயதுக்கு மேல் என்றும், ஐரோப்பாவில் 18 என்றும் முத்திரையிடுகிறார்கள். சான் ஆண்ட்ரியாஸில் ஒளித்து வைக்கப்பட்டிருந்த ஆபாசக் காட்சி 2005-இல் வெளிப்பட்டபோது, அமெரிக்காவிலேயே அதைப் பெரியவர்களுக்கு மட்டும் என்று மாற்றி, பிறகு அக்காட்சியை நீக்கி வெளியிட்டார்கள். ஆகவே பத்து வயதுப் பிள்ளைக்கு இது வேண்டாம் என்று சொல்ல மார்க்க ஆதாரம் தேடி அலைய வேண்டியதில்லை. செய்தவர்களே எழுதி வைத்திருக்கிறார்கள். பெரிய பிள்ளைகளிடம் முகம் சிவக்காமல் அமர்ந்து, எந்த இடத்தில் சிரிப்பு வருகிறது என்று கேளுங்கள். கடத்தல்காரர்களை நாயகர்களாகக் காட்டிய 'சூது கவ்வும்' படத்துக்கு 2013-இல் நாமெல்லாம் சிரித்த சமூகம்தான். நாம் சிரித்த இடங்களையும் அவர்களிடம் சொல்லலாம்.

வரும் ஞாயிற்றுக்கிழமை அஸர் தொழுகைக்குப் பின் நம் மக்தபில் பெரிய மாணவர்களின் பெற்றோருக்காக ஓர் அமர்வு வைத்திருக்கிறோம். பிள்ளையோடு வாருங்கள். போனையும் எடுத்து வாருங்கள், சார்ஜ் போட்டு.

வஸ்ஸலாம்.